இப்ப தான் பொரிச்ச கோழிக்குஞ்சுக்கு கால் சரியில்லையா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்கு தெரிஞ்ச பதிலும்

இன்குபேட்டர்ல முட்டை வெச்சவங்களுக்கு 21-ம் நாள் ஒரு தனி குஷி, எனக்கு அன்னைக்கு தான் போன் அடிக்க ஆரம்பிக்கும். "அண்ணா ஒரு குஞ்சு நிக்கவே மாட்டேங்குது, ரெண்டு காலும் ரெண்டு பக்கமா போகுது, என்ன மருந்து குடுக்கட்டும்?" எல்லாரும் மருந்து தான் கேக்குறாங்க. நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணு, கீழ என்ன விரிச்சிருக்கீங்க? பேப்பர்னு பதில் வந்துச்சுன்னா பாதி விஷயம் அங்கயே முடிஞ்சுது. நான் டாக்டர் இல்ல, வீட்டு பின்னாடி சிறுவிடையும் கொஞ்சம் அசீலும்னு நாட்டுக்கோழி வெச்சிருக்கற ஆளு, நிறைய குஞ்சுக்கு கால் கட்டி கொஞ்சம் கத்துக்கிட்டது தான் இதுல இருக்கு.

பொரிச்சு நாலு மணி நேரம் ஆச்சு, இன்னும் எந்திரிக்கல. கால் ஊனமா இருக்குமோ?

அவசரப்படாதீங்க. ஓட்ட உடைச்சு வெளிய வர்றதுக்கே அது ராத்திரி பூரா போராடியிருக்கும், ஈரம் காயல, தலைய தூக்கவே தெம்பு இல்ல. தவழும், உருளும், அப்படியே தூங்கிடும், நமக்கு பயந்து வரும். ஒடம்பு காஞ்சு பஞ்சு மாதிரி ஆகுற வரைக்கும் இன்குபேட்டர்லயே விடுங்க. வயித்துக்குள்ள மஞ்சக்கரு மிச்சம் இருக்கு, ரெண்டு நாள் சாப்பிடலன்னாலும் ஒண்ணும் ஆகாது. 12 மணி நேரம் கழிச்சு தட்டுத்தடுமாறியாவது நிக்கணும், ஒரு நாள் முடியுறப்ப நடக்கணும். அப்பவும் நடக்கலன்னா தான் கைல எடுத்து பாக்கணும்.

ஆனா ஒரு விஷயம், காலு ரெண்டும் அப்பட்டமா விரிஞ்சு கிடக்குறதோ, விரல் சுருண்டு இருக்குறதோ காஞ்ச உடனே கண்ணுக்கு தெரிஞ்சுச்சுன்னா அதுக்கு காத்திருக்க வேண்டாம். முதல் ரெண்டு நாள் எலும்பும் நரம்பும் ரொம்ப இளசு, சொன்ன பேச்சு கேக்கும். நாலாம் நாள் பாத்துக்கலாம்னு விட்டா அந்த வளைவுலயே இறுகிப்போயிடும்.

எந்த பிரச்சனைன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

குஞ்ச உள்ளங்கைல வெச்சு, பின்னாடி இருந்து பாருங்க. முன்னாடி இருந்து பாத்தா நெஞ்சு மறைக்கும். நல்ல குஞ்சுக்கு ரெண்டு காலும் இடுப்புக்கு நேர் கீழ இறங்கும், மூட்டு ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கும், முன் விரல் மூணும் விரிஞ்சு தரைய பிடிக்கும்.

காலு முழுசா வெளிப்பக்கம் வழுக்கிட்டு போகுது, ஆனா மூட்டு வீங்கல, விரல் நல்லா இருக்கு, அப்படின்னா கால் விரிசல். கால் நேரா இருக்கு, ஆனா விரல் உள்ள மடங்கி கை முஷ்டி மாதிரி இருக்கு, முஷ்டி மேலயே நடக்குது, அது விரல் சுருட்டு. ஒரு கால் மட்டும் மூட்டுல இருந்து கீழ பக்கவாட்டுல திரும்பி நிக்குது, மூட்டு வீங்கியிருக்கு, தொட்டா கத்துது, அது நரம்பு நழுவல், இங்க நரம்புன்னு சொல்றது சதைய எலும்போட இணைக்கிற தசைநாண். இந்த மூணும் மூணு வேற விஷயம், ஒண்ணுக்கு பண்றத இன்னொண்ணுக்கு பண்ணா பிரயோஜனம் இல்ல. போன்ல "கால் வரல" ன்னு மட்டும் சொல்லாம பின்னாடி இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு நான் கெஞ்சுறது இதுக்கு தான்.

மூட்டுன்னு நான் சொல்றது பின்பக்கமா மடங்குற அந்த நடு மூட்டு. நம்ம ஆளுங்க அத முட்டின்னு சொல்றாங்க, உண்மையில அது கோழியோட கணுக்கால். முட்டி மேல ரோமத்துக்குள்ள மறைஞ்சிருக்கு.

கால் பப்பரக்கான்னு விரிஞ்சு போகுது, ஏன் வருது, என்ன பண்ணட்டும்?

இது தான் அதிகமா வர்ற கேஸ், நல்ல வேளையா இது தான் ஈசியா சரியாகுறதும். முக்கால்வாசி காரணம் வழுக்கல். நியூஸ்பேப்பர், அட்டைப்பெட்டியோட வழவழப்பான அடிப்பக்கம், பிளாஸ்டிக் டப், டைல்ஸ். பிறந்த குஞ்சு எந்திரிக்க பாக்கும், கால் வழுக்கும், மறுபடி எந்திரிக்கும், மறுபடி வழுக்கும், நாள் பூரா இதே வேலை, சாயங்காலத்துக்குள்ள தொடைக்கு நடுவுல இருக்குற சதை இழுபட்டு கால் வெளிப்பக்கமே நின்னுடும். இன்குபேட்டர் சூடு கொஞ்சம் கூடிப்போனாலும், முட்டைக்குள்ள குஞ்சு கோணலா இருந்தாலும், பொரிக்கிறதுக்கு ரொம்ப நேரம் எடுத்து சோர்ந்து போனாலும் வரும்.

என்னோட முதல் தெர்மாகோல் பெட்டில இதே தான் நடந்துச்சு. அடில வழவழன்னு கலர் பேப்பர் விரிச்சிருந்தேன், பாக்க அழகா இருக்கட்டும்னு. நாலு குஞ்சு விரிஞ்சு போச்சு. முட்டை சரியில்லன்னு முட்டை குடுத்தவர திட்டிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு பாட்டி வந்து பாத்துட்டு, "ஏன் சாமி, இதுல நீ நின்னாலே வழுக்குமே"ன்னு சொல்லிட்டு ஒரு பழைய கோணிச்சாக்க கிழிச்சு உள்ள போட்டுட்டு போனாங்க. மீதி குஞ்சுல ஒண்ணுக்கும் வரல.

சரி, கட்டு போடற விதம். மெடிக்கல்ல கிடைக்கிற சாதா பேண்டேஜ் பிளாஸ்டர், நடுவுல பஞ்சு வெச்சது, அத நீளவாக்குல ரெண்டா வெட்டுங்க. நடுவுல இருக்கற பஞ்சு ரெண்டு காலுக்கும் நடுவுல பாலம் மாதிரி வரணும், ஒட்டுற பக்கம் ஒவ்வொரு காலையும் ஒரு சுத்து சுத்தி தன்மேலயே ஒட்டிக்கணும். கட்டுற இடம் மூட்டுக்கு கீழ, பாதத்துக்கு மேல, அந்த மெலிசான குச்சி பகுதி. ரெண்டு காலுக்கும் இடைவெளி நாட்டுக்கோழி குஞ்சுக்கு 2 செ.மீ.ல இருந்து இரண்டரை செ.மீ. போதும். அளவு பாக்க சுலபமான வழி, நிக்க வெச்சா கால் இடுப்புக்கு நேர் கீழ இருக்கணும், அதுக்கு மேல நெருக்கி கட்டுனா தவளை மாதிரி குதிக்கும், தள்ளி கட்டுனா கட்டியும் பிரயோஜனம் இல்ல.

தனியா செய்ய வராதுங்க, கூட ஒரு ஆள் வேணும். ஒருத்தர் குஞ்ச துணில சுத்தி மல்லாக்க பிடிச்சுக்கணும், ஒருத்தர் ஒட்டணும். நெஞ்ச அழுத்தி பிடிக்காதீங்க, கோழிக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு விரிஞ்சா தான் மூச்சே. அழுத்துனா கைலயே போயிடும்.

பிளாஸ்டர் இல்ல, நூல் இல்லன்னா ரப்பர் பேண்ட் போடலாமா?

போடாதீங்க. ராத்திரிக்குள்ள கால் கருத்துடும். பிளாஸ்டர் கிடைக்கலன்னா காகித டேப், மெடிக்கல்ல மைக்ரோபோர்னு கேட்டா குடுப்பாங்க. கம்பளி நூல் கூட கடைசி வழி தான், அதுவும் தட்டையா அகலமா சுத்தணும்.

கட்டு போட்டதும் குஞ்சு முன்னாடி கவுந்து கவுந்து விழுது, கழட்டிடலாமா?

வேண்டாம், விழத்தான் செய்யும். முதல் ஒரு மணி நேரம் பாக்கவே பாவமா இருக்கும், ரெக்கைய அடிச்சுட்டு மூஞ்சி குப்புற விழும். அப்புறம் அதுக்கே பேலன்ஸ் புரியும். அது வரைக்கும் பக்கத்துல இருங்க, மல்லாந்து விழுந்தா எடுத்து விடுங்க. மல்லாந்தே கிடந்தா சூடு குறைஞ்சு செத்துடும்.

கீழ சாக்கோ, பழைய டர்க்கி துண்டோ, ரப்பர் மேட்டோ இருக்கணும். கட்டு போட்டுட்டு மறுபடி பேப்பர் மேலயே விட்ட ஆளுங்களையும் பாத்திருக்கேன். தண்ணிக்கு பாட்டில் மூடி வைங்க, அதுல நாலு கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போடுங்க, மூஞ்சி விழுந்தாலும் மூழ்காது. மத்த குஞ்சுங்க அந்த பிளாஸ்டர கொத்தும், கலரா எது இருந்தாலும் அதுங்களுக்கு தீனி தான், அதனால தனியா வைங்க. ஆனா ஒத்தையா வெச்சா கத்தி கத்தியே சோர்ந்துடும், அடக்கமான குஞ்சு ஒண்ண துணைக்கு விடுங்க. சூடு குறையக்கூடாது, முதல் வாரம் பல்பு அடில 35 டிகிரி இருக்கணும், காலு சரியில்லாத குஞ்சால சூட்ட தேடி நகர முடியாது, நாம தான் பாத்துக்கணும்.

இன்னொண்ணு செய்யலாம். சின்ன டீ டம்ளர்ல துணிய சுருட்டி வெச்சு குஞ்ச அதுக்குள்ள உக்கார வைங்க, கால் ரெண்டும் தானா ஒடம்புக்கு அடில மடங்கிக்கும். அரை மணி நேரம் இதுல, அப்புறம் வெளிய. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை.

எத்தனை நாள் கட்டு இருக்கணும்?

முதல் நாளே கட்டுனா ரெண்டு நாள்ல பெரும்பாலும் சரியாயிடும். ரெண்டாம் நாள் கழட்டி நடக்க விட்டு பாருங்க, இன்னும் விரிஞ்சா புதுசா ஒண்ணு போடுங்க. குஞ்சு கால் ஒரே நாள்ல தடிக்கும், அதனால பழைய கட்டையே விட்டுட்டு மறந்துடாதீங்க. அஞ்சு நாள் தாண்டியும் மாற்றம் இல்லன்னா அது வெறும் வழுக்கல் இல்ல, இடுப்புலயோ நரம்புலயோ ஏதோ இருக்கு. கழட்டும்போது பிச்சு இழுக்காம பிளாஸ்டர் மேல மட்டும் ஒரு சொட்டு தேங்காண்ணெய் விட்டு பொறுமையா எடுங்க, எண்ணெய் ரோமத்துல படக்கூடாது, பட்டா ரோமம் ஒட்டிக்கிட்டு குளிரும்.

விரல் சுருண்டு முஷ்டி மாதிரி இருக்கு. இது எதனால?

ரெண்டு விதமா வரும். ஒண்ணு, முட்டைக்குள்ள இடம் பத்தாம, இல்லன்னா பொரிக்கிற நேரத்துல சூடு ஈரப்பதம் ஏறி இறங்கி விரல் மடங்கியே வந்தது. ஒரு விரலோ ரெண்டு விரலோ மட்டும் மடங்கியிருக்கும், குஞ்சு சுறுசுறுப்பா இருக்கும். இன்னொண்ணு வைட்டமின் பி2 பத்தாதது, ரிபோஃப்ளேவின்னு சொல்லுவாங்க. இதுல காலுக்கு போற பெரிய நரம்பே வீங்கி கெட்டுப்போகும், ரெண்டு கால்லயும் எல்லா விரலும் உள்ள சுருளும், குஞ்சு மூட்டு மேலயே உக்காந்துட்டு ரெக்கைய ஊணி நகரும். தாய்க்கோழிக்கே பி2 இல்லன்னா பொரிக்கும்போதே இப்படி வரும், குஞ்சு தீவனத்துல இல்லன்னா ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சு வரும்.

தாய்க்கோழி பத்தி யாரும் யோசிக்கறதில்ல. வெறும் நொய்யும் சோளமும் மட்டும் தின்னு, வெளிய மேயாம கூண்டுலயே இருக்கற கோழியோட முட்டைல பி2 கம்மியா தான் இருக்கும். அந்த மாதிரி முட்டைல நடுவுலயே நிறைய கரு செத்துப்போகும், செத்த குஞ்சோட ரோமம் விரியாம முடிச்சு முடிச்சா சுருண்டு இருக்கும். பொரிக்காத முட்டைய தூக்கி போடறதுக்கு முன்னாடி உடைச்சு பாருங்கன்னு சொல்றது அதுக்கு தான், நாத்தம் அடிக்கும், ஆனாலும் பாருங்க. வெளிய மேயுற கோழிக்கு இந்த தொல்லை ரொம்ப கம்மி, பச்சையும் பூச்சியும் பாத்துக்கும்.

சரி பண்றதுக்கு செருப்பு மாதிரி ஒண்ணு செய்யணும். விசிட்டிங் கார்டு தடிமன்ல அட்டைய பாதத்த விட கொஞ்சம் பெருசா வெட்டிக்கோங்க. விரல் ஒவ்வொண்ணையும் வெந்நீர் இல்ல, வெதுவெதுப்பான தண்ணில ஒரு நிமிஷம் நனைச்சு மெதுவா நிமுத்துங்க, முன்னாடி மூணு விரலையும் விரிச்சு அட்டை மேல வெச்சு, மேல பிளாஸ்டர ஒட்டுங்க, பின் விரல் பின்னாடி போற மாதிரி. பாக்க வாத்து பாதம் மாதிரி இருக்கும். பசங்க பாத்தா சிரிப்பாங்க. ஒரு நாள் கழிச்சு கழட்டி பாருங்க, பெரும்பாலும் அதுக்குள்ளயே நேராயிடும், இல்லன்னா இன்னொரு ரெண்டு நாள். சாணி, தண்ணி பட்டு ஊறுனா மாத்துங்க.

விரல் அடிப்பக்கமா சுருளாம சைடுல கோணலா இருந்துச்சுன்னா, நடக்குதுன்னா, அத விட்டுடுங்க. பாக்க தான் கோணல், வாழ்க்கைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

வைட்டமின் டானிக் குடுத்துட்டு தான் இருக்கேன், ஆனா சரியாகலையே?

பாட்டில திருப்பி லேபிள படிச்சீங்களா? கோழிக்குன்னு மருந்து கடைல அதிகமா விக்கிற வைட்டமின் சொட்டு மருந்துல பல தடவை ஏ, டி3, ஈ, பி12 மட்டும் தான் இருக்கும். பி12 வேற பி2 வேற. விரல் சுருட்டுக்கு வேண்டியது பி2. பி காம்ப்ளக்ஸ்னு இருக்கறத வாங்கி, ரிபோஃப்ளேவின்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

ஒரு குஞ்சுக்கு நாளைக்கு 0.1 மில்லிகிராம், ரெண்டு நாள், அவ்வளவு தான் தேவை. நம்ம சாப்பிடுற பி காம்ப்ளக்ஸ் கேப்சூல் சிலதுல 10 மில்லிகிராம் இருக்கும், அதாவது நூறு டோஸ். அப்படி ஒரு கேப்சூல பிரிச்சு 100 மில்லி தண்ணில கலந்தா 1 மில்லில ஒரு டோஸ் வரும், நல்லா குலுக்கிக்கோங்க, அடில தங்கும். அந்த 1 மில்லிய ஒரே மூச்சுல வாய்க்குள்ள பீச்சாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். அலகு ஓரத்துல ஒவ்வொரு சொட்டா விடுங்க, அதே நக்கிக்கும், காலைல பாதி சாயங்காலம் பாதி. இரும்புச்சத்து சேத்த மாத்திரை வேண்டாம். தண்ணி மஞ்சளா இருக்கும், பி2-வோட கலரே அது தான், வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும், அதனால வெயில்ல வைக்காம தினமும் புதுசா கலங்க. அப்புறம் சின்ன குஞ்சுக்குன்னே விக்கிற ஒழுங்கான ஸ்டார்ட்டர் தீவனம், கூட அவிச்ச மஞ்சக்கரு கொஞ்சம்.

சீக்கிரம் குடுத்தா ரெண்டு மூணு நாள்ல எந்திரிச்சு ஓடுறத நான் பாத்திருக்கேன். ரொம்ப நாள் சுருண்டே கிடந்துச்சுன்னா நரம்பு கெட்டிருக்கும், அதுக்கப்புறம் எவ்வளவு பி2 குடுத்தாலும் விரல் விரியாது.

கால்சியம் டானிக் குடுத்தா கால் பலம் ஆகும்னு கடைல சொன்னாங்களே?

எனக்கும் சொன்னாங்க, வாங்கியும் குடுத்தேன். அந்த காசுக்கு ரெண்டு மூட்டை ஸ்டார்ட்டரே வாங்கியிருக்கலாம்னு சொன்னா மிகை, ஆனா வயித்தெரிச்சல் அந்த அளவுக்கு. கால்னாலே கால்சியம்னு ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள ஊறிக்கிடக்கு. ஒரு நாள் குஞ்சுக்கு கால் விரியுறதும் விரல் சுருளுறதும் கால்சியம் பத்தாம வர்றது இல்ல. அத விட மோசம் என்னன்னா, தீவனத்துல கால்சியமும் பாஸ்பரஸும் கூடிப்போனா மாங்கனீஸ் ஒடம்புல சேராது, மாங்கனீஸ் குறைஞ்சா அடுத்து சொல்லப்போற நரம்பு நழுவல் வரும். முட்டைக்கோழி தீவனத்த குஞ்சுக்கு போடாதீங்கன்னு சொல்றதும் இதனால தான், அதுல கால்சியம் குஞ்சுக்கு தேவையானத விட பல மடங்கு.

ரெண்டு மூணு வாரத்து குஞ்சு, அலகு ரப்பர் மாதிரி வளையுது, கால் தொவளுது, அப்ப அது டி3 பத்தாத கேஸ், அங்க கால்சியத்துக்கும் வேலை உண்டு. வெயிலும் வேணும், ஆனா கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில் கணக்குல சேராது.

ஒரு கால் மட்டும் திரும்பி நிக்குது, மூட்டு வீங்கியிருக்கு

இது கஷ்டமான கேஸ், முன்னாடியே சொல்லிடறேன். மூட்டுக்கு பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு, அதுல தான் குதிகால் நரம்பு ஓடுது, அது பள்ளத்துல இருந்து சைடுல சறுக்கிடுச்சுன்னா கீழ்க்கால் திரும்பிக்கும், நீட்டவும் முடியாது. நல்ல கால்ல மூட்டோட பின்பக்கத்த விரலால தடவுனா கயிறு மாதிரி ஒண்ணு தட்டுப்படும். நழுவுன கால்ல பின்பக்கம் தட்டையா இருக்கும், கயிறு பக்கவாட்டுல கிடக்கும். மாங்கனீஸ், கோலின், பயோட்டின் மாதிரி சத்து பத்தாம வரலாம், கால் எங்கயாச்சும் மாட்டி இழுத்தும் வரலாம்.

வீக்கம் அதிகமாகுறதுக்குள்ள, பாத்த அன்னைக்கே, கால பின்பக்கமா மெதுவா நீட்டி பிடிச்சுட்டு கட்டை விரலால அந்த நரம்ப பள்ளத்துக்கு தள்ளி, அப்படியே கால மடக்குனா சில நேரம் டக்குனு உக்காரும். குஞ்சு கத்தும். உக்காந்துச்சுன்னா மூட்ட சுத்தி மெலிசான டேப் போட்டு, கால் இயல்பா மடங்கின நிலைலயே ரெண்டு நாள் வைங்க. இத முதல் தடவை நீங்களா செய்யாதீங்க, கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துட்டு போங்க, டாக்டர் செய்யறத பாத்து கத்துக்கோங்க. உக்காந்து உக்காந்து மறுபடி நழுவுதுன்னா பள்ளமே ஆழம் இல்லாம இருக்கு, திரும்ப திரும்ப தள்ளி அத வதைக்க வேண்டாம்.

விரல் ஒண்ணு மட்டும் கருத்துட்டு வருது, வீங்கியிருக்கு

நார். கண்டிப்பா கண்ணாடி போட்டுட்டு பாருங்க. தேங்காய் நார் கழிவு விரிச்ச இடத்துலயும் சாக்கு நூல் பிரிஞ்ச இடத்துலயும் ஒத்த இழை விரல சுத்தி இறுக்கிடும், ஓட்டோட உள்சவ்வு காஞ்சு வளையம் மாதிரி இறுகுறதும் உண்டு. சவ்வுன்னா வெதுவெதுப்பான தண்ணில ஊறவெச்சு எடுங்க, இழைன்னா சின்ன கத்தரிக்கோல் நுனியால வெட்டுங்க. நான் சாக்கு போடுங்க சாக்கு போடுங்கன்னு மேல சொன்னேன் இல்ல, அதோட ஓரத்த மடிச்சு தைச்சுட்டு போடுங்க.

மூட்டு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு, ஆனா நடக்குது

பொரிக்கும்போது ஓட்டுல ரொம்ப நேரம் உந்தி உந்தி தேஞ்சது. மெத்துன்னு விரிப்பு போடுங்க, ரெண்டு மூணு நாள்ல மாறிடும். ஒரு பேட்ச் பூராவும் இப்படின்னா கடைசி மூணு நாள் சூடும் ஈரப்பதமும் கூடியிருக்கான்னு பாருங்க.

அடைக்கோழி மிதிச்சு கால் ஒடஞ்சிடுச்சு

தொங்குது, தொட்டா ரெண்டு துண்டா ஆடுதுன்னா ஒடைஞ்சது தான். காது குடையற பஞ்சுக்குச்சியோட தண்ட வெட்டி, உள்ள பஞ்சு வெச்சு ரெண்டு பக்கமும் அணை குடுத்து டேப் சுத்தலாம், பாதம் சூடா இருக்கான்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தொட்டு பாருங்க, சில்லுன்னு இருந்தா கட்டு இறுக்கம். குஞ்சு எலும்பு வேகமா கூடும், ரெண்டு வாரம் போதும். எலும்பு வெளிய தெரிஞ்சுச்சுன்னா நீங்க தொடாதீங்க, டாக்டர் தான்.

கட்டு போட்ட குஞ்ச அடைக்கோழி கிட்டயே விடலாமா?

எங்க அத்தை விடுவாங்க, அவங்க கோழி சாது. என் கோழி கட்டு போட்ட குஞ்ச பாத்ததும் ரெண்டு கொத்து கொத்தி தள்ளி விட்டுச்சு. நடக்க முடியாத குஞ்ச தாய் விட்டுட்டு போயிட்டே இருக்கும், மத்த குஞ்சுங்கள பாக்கணும் இல்ல அதுக்கு. கட்டு இருக்கற நாள் வரைக்கும் பல்பு அடில வெச்சுக்கோங்க. சரியானதும் ராத்திரி இருட்டுல தாய் ரெக்கைக்கு அடில மெதுவா தள்ளி விட்டா விடிஞ்சதும் அதுவும் ஒண்ணோட ஒண்ணா போயிடும்.

நல்லா ஓடிட்டு இருந்த குஞ்சு திடீர்னு உக்காந்துடுச்சு

அப்ப இந்த கட்டு, செருப்பு எதுவும் வேலைக்கு ஆகாது, அது நோயா இருக்கலாம். முதல் ரெண்டு வாரத்துல மூட்டு மேல உக்காந்து தலையும் கழுத்தும் நடுங்குச்சுன்னா முட்டை வழியா தாய்கிட்ட இருந்து வர்ற மூளை நோய் ஒண்ணு உண்டு. கழுத்து முறுக்கிக்கிட்டு, பச்சையா வெள்ளையா கழிஞ்சு, ஒண்ணு பின்னாடி ஒண்ணா விழுந்தா வெள்ளைக்கழிச்சல். ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடி நீட்டிட்டு படுக்கறது மேரக்ஸ் நோயோட அடையாளம், ஆனா அது பெரும்பாலும் ஒரு மாசத்துக்கு மேல ஆன கோழிக்கு தான் வரும், நேத்து பொரிச்ச குஞ்சுக்கு மேரக்ஸ்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஒண்ணுக்கு மேல விழுந்தா உடனே பிரிச்சு வெச்சுட்டு மருந்தகத்துல சொல்லுங்க. முதல் வாரம் கண்ணுல விடற வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்த மட்டும் தவற விடாதீங்க.

அஞ்சு விரல் இருக்கு! கால் குட்டையா இருக்கு!

அஞ்சு விரல்னா பெரும்பாலும் எங்கயோ சில்கி ரகம் கலந்திருக்கும், அதுக்கு பிறவியே அஞ்சு தான். குட்டைக்காலும் சில ரகத்துல வம்சமா வர்றது. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் ஜோடி போட்டா கால்வாசி கரு முட்டைக்குள்ளயே செத்துடும், அந்த மரபணு ரெட்டையா வந்தா உசுர் நிக்காது. அதனால ஒண்ணு குட்டைன்னா இன்னொண்ணு சாதா கால் போடுங்க.

வாத்து, காடைக்கு இதே தானா?

கட்டு போடற முறை அதே. காடைக்குஞ்சு கட்டெறும்பு மாதிரி இருக்கும், இடைவெளி ஒரு செ.மீ. போல போதும். வாத்துக்கு மட்டும் கால் தளர்ந்தா முதல்ல யோசிக்க வேண்டியது நியாசின், அதாவது பி3. கோழி தீவனத்துல இருக்கறது வாத்துக்குஞ்சுக்கு பத்தாது, ஈஸ்ட் கொஞ்சம் தீவனத்துல கலந்து குடுங்க.

அடுத்த பேட்ச்ல வராம இருக்க என்ன செய்யட்டும்?

பொரிக்கிற தட்டுல இருந்தே சொரசொரப்பு வேணும், சாக்கு துணியோ வலையோ விரிங்க. பிரூடர்ல, அதாவது குஞ்சுக்கு பல்பு சூடு குடுக்கற இடத்துல, உமியோ கடலைத்தோலோ போட்டு மேல பேப்பர் விரிக்கற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, குஞ்சு உமிய தின்னுடும்னு. பேப்பருக்கு பதிலா முதல் மூணு நாள் பழைய துணி விரிங்க, இல்ல பேப்பர் தான் வேணும்னா நல்லா கசக்கிட்டு விரிங்க.

இன்குபேட்டர் விசிறி உள்ளதுன்னா 37.5 டிகிரி, 18 நாள் வரைக்கும் ஈரப்பதம் 50-ல இருந்து 55 சதவீதம், கடைசி மூணு நாள் 65-ல இருந்து 70. மெஷின் காட்டுற நம்பர நம்பாதீங்க, தனியா ஒரு தெர்மாமீட்டர் உள்ள போட்டு ஒத்து பாருங்க, என்னோடது ஒரு டிகிரி பொய் சொல்லிட்டு இருந்துச்சு, 20-ம் நாளே குஞ்சு அவசரமா வந்து காலும் விரலும் கோணல். முட்டைய அகலமான பக்கம் மேல இருக்கற மாதிரி வைங்க. அடைக்கு முட்டை சேக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தாய்க்கோழிக்கு முருங்கைக்கீரை, அகத்தி, கொஞ்சம் பிரீடர் தீவனம் (அடை முட்டை போடற தாய்க்கோழிக்கானது) குடுங்க, வெளிய மேய விடுங்க.

எல்லாம் பண்ணியும் சரியாகல, என்ன செய்யறது?

சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, மத்த குஞ்சு கூட சேர பாக்குதா? அப்ப விட்டுடுங்க, வளரட்டும். என்கிட்ட ஒத்தக்கால் கோணின பெட்டை ஒண்ணு இருக்கு, நொண்டி நொண்டி வந்து முதல் ஆளா தீனி தின்னுட்டு போகும், முட்டையும் வைக்குது. மூட்டு புண்ணாகாம கீழ மெத்துன்னு இருக்கணும், தீனி பக்கத்துல இருக்கணும், அவ்வளவு தான்.

கத்திக்கிட்டே இருக்கு, சாப்பிடல, ரெண்டு காலும் வரலன்னா பட்டினி போட்டு சாக விடாதீங்க. டாக்டர் கிட்ட கேட்டா வேதனை இல்லாம முடிச்சு குடுப்பாங்க. வழுக்கி விரிஞ்சு சரியான குஞ்சுல இருந்து பிற்பாடு முட்டை எடுத்து அடை வைக்கலாம், அது வம்சத்துல வர்றது இல்ல. நரம்பு நழுவுனதையும் பிறவியிலயே கோணலானதையும் அடைக்கு சேக்காதீங்க. அந்த நொண்டி பெட்டையோட முட்டை எங்க வீட்டுல ஆம்லெட்டுக்கு மட்டும் தான்.